மக்கள் திருப்தி என்கிறார்கள், தெருமுனையில் குப்பை கிடக்கிறது: எதை நம்புவது?

கேள்வி கேட்டவர் ஒரு நகராட்சியின் குடியிருப்போர் குழுவில் இருக்கிறார். குப்பை மேலாண்மை பற்றி வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானோர் 'திருப்தி' என்று சொல்லிவிட்டார்கள். அதே வார்டுகளில் தெருமுனைக் குவியல்கள் அப்படியே கிடக்கின்றன. நகராட்சியோ அந்தக் கணக்கெடுப்பையே காட்டி, எல்லாம் நன்றாக நடப்பதாகச் சொல்கிறது. 'மக்கள் பொய் சொன்னார்களா, நாங்கள் தப்பாகக் கேட்டோமா?' என்று கேட்கிறார். இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி வேறு என்று நினைக்கிறேன். குடியிருப்பவர்களின் கருத்தை எதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், எதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அது. குப்பை சேகரிப்புத் திட்டமிடலில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இப்படிப்பட்ட கணக்கெடுப்புகளைச் செய்திருக்கிறேன், சிலவற்றை மோசமாகவும் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் படிவத்தை நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். ஒரு வீட்டுக்காரருக்குக் குப்பை மேலாண்மை என்றால் வாசலில் வைத்த வாளி காலியானதா என்பதுதான். வாசலிலிருந்து தள்ளுவண்டி, அங்கிருந்து பெரிய வண்டி, அப்புறம் பிரிக்கும் கூடம், உரக்கிடங்கு, கடைசியில் குப்பை மேடு என்று அந்தச் சங்கிலி நீளமானது. அதில் முதல் கண்ணியை மட்டும்தான் அவர் தினமும் பார்க்கிறார். 'திடக்கழிவு மேலாண்மை பற்றி உங்களுக்குத் திருப்தியா?' என்று நீங்கள் முழுச் சங்கிலியையும் கேட்டால்கூட, அவர் முதல் கண்ணிக்குத்தான் மதிப்பெண் போடுவார். அந்த மதிப்பெண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதை எடுத்துக் கடைசிக் கண்ணிக்கும் சேர்த்துச் சான்றிதழாகக் காட்டுவதுதான் தப்பு.

அந்த முதல் கண்ணியிலும் மக்கள் எதை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது பொறியாளர்கள் நினைப்பதிலிருந்து வேறுபடும். எத்தனை டன் எடுத்தோம், எத்தனை நடை ஓட்டினோம் என்று அலுவலகத்தில் கணக்கு வைப்பார்கள். வீட்டில் இருப்பவருக்கோ வண்டி சொன்ன நேரத்துக்கு வருகிறதா என்பதுதான் பெரிய விஷயம். தினமும் வந்தாலும் ஒரு நாள் 6 மணிக்கும் இன்னொரு நாள் 10 மணிக்கும் வரும் வண்டியைவிட, வாரத்தில் 3 நாள் வந்தாலும் நேரம் தவறாத வண்டிக்குக் குறைவான புகார் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நேரம் தெரிந்தால் வாளியை வெளியே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். தெரியாவிட்டால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நாய் இழுத்துப்போடும். அடுத்தது, எடுக்க வருபவர் பேசும் விதம். சிந்தியதைக் கூட்டிவிட்டுப் போகிறாரா என்பதும் கணக்கில் வரும். தெருவுக்கு ஒரு நல்ல தூய்மைப் பணியாளர் இருந்தாலே போதும், அந்தத் தெருவின் 'திருப்தி' ஏறிவிடும். அது அவருக்குக் கிடைத்த மதிப்பெண். நகராட்சி அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

எதிர்பார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. திருப்தி என்பது கிடைத்த சேவையின் அளவு இல்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளி என்று நுகர்வோர் ஆய்வாளர் ரிச்சர்ட் ஆலிவர் 1980-இல் எழுதினார். நுகர்வோர் ஆய்வில் இன்றுவரை இந்தக் கருத்துக்கு மவுசு குறையவில்லை. குப்பை விஷயத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். போன வருடம் வரை வண்டியே வராத பகுதியில் வாரம் ஒரு முறை வர ஆரம்பித்தால் மக்கள் வாழ்த்துவார்கள். இருபது வருடமாகத் தினமும் வண்டி வரும் பகுதியில் ஒரு நாள் தவறினால் ஊரையே கூட்டுவார்கள். ஆகவே வார்டுகளைத் திருப்தி மதிப்பெண்ணால் வரிசைப்படுத்தினால், மோசமான சேவை கிடைக்கும் வார்டு மேலே நிற்கக்கூடும். புகார் எண்ணிக்கைக்கும் இதே கதிதான். புகார் கொடுத்தால் நடக்கும் என்று நம்புகிறவர்தான் புகார் கொடுப்பார். புகாரே வராத தெரு என்று அதிகாரிகள் பெருமையாகக் காட்டும் இடங்களுக்கு நான் முதலில் போய்ப் பார்ப்பதுண்டு.

இனி நீங்கள் கேட்ட விதம். கேட்கப் போனவர் நகராட்சி அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அல்லது பக்கத்துத் தெருவின் மரியாதைக்குரிய பெரியவராகப் போய் நின்றால், 'பரவாயில்லை, நன்றாகத்தான் செய்கிறார்கள்' என்ற பதில்தான் வரும். அது மரியாதைக்குச் சொல்வது. 'நீங்கள் குப்பையைத் தரம் பிரிக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு வரும் பதில் அதைவிட மோசம், ஏனென்றால் எது நல்ல பதில் என்று கேள்வியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜி 1973-இல் டூசான் நகரத்தில் ஒரு வேலையைத் தொடங்கினார். பழங்கால மேடுகளைத் தோண்டுவதுபோல, இன்றைய வீடுகளின் குப்பையைக் கொட்டிப் பிரித்து எண்ணினார். மக்கள் வாயால் சொன்ன கணக்கும் குப்பை காட்டிய கணக்கும் ஒத்துப்போகவில்லை. குடித்த மதுவைக் குறைத்துச் சொன்னார்கள் என்பதைக் காலி டப்பாக்கள் காட்டிக்கொடுத்தன. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள். நம்மைப் பற்றிய கணக்கை நாம் கொஞ்சம் நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறோம்.

இதை நானே பார்க்க வேண்டும் என்று ஒரு முறை, முதல் நாள் பேட்டி எடுத்த வீடுகளுக்கே மறுநாள் காலை குப்பை வண்டியோடு போனேன். பிரிக்கிறோம் என்று அடித்துச் சொன்ன வீட்டு வாளியில் டயப்பரும் ஷாம்பூ பாட்டிலும் காய்கறித் தோலும் ஒன்றாகக் கிடந்தன. இதை எதிர்பார்த்துத்தான் போனேன். எதிர்பார்க்காதது வேறொன்று. 'இல்லை, நாங்கள் பிரிப்பதில்லை' என்று சொன்ன சில வீடுகளில் செய்தித்தாள், பாட்டில், தகரம் எல்லாம் தனி மூட்டையாக இருந்தது. பழைய சாமான் வாங்குபவருக்குப் போடுவதற்காக வைத்திருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது 'தரம் பிரித்தல்' இல்லை, நகராட்சி சொல்லும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் படிவத்தின் ஒரு சொல் அவர்கள் வீட்டில் வேறு அர்த்தத்தில் இருந்திருக்கிறது. ஆகவே உங்கள் படிவத்தில் 'பிரிக்கிறீர்களா' என்று இருந்தால், அந்தப் பதில்களை இரண்டு பக்கமும் சந்தேகத்தோடு பாருங்கள்.

யாரைக் கேட்டீர்கள் என்பது அடுத்த சிக்கல். பகலில் கதவைத் தட்டினால் பகலில் வீட்டில் இருப்பவர்தான் பதில் சொல்வார். வண்டி வரும்போது வாளியைக் கொடுக்க முடிகிறவரும் அவரேதான். விடியற்காலையில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள், வாடகை அறையில் தனியாக இருப்பவர்கள், வண்டி நுழையாத சந்துக்குள் இருப்பவர்கள் ஆகியோர்தான் குப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் வைக்கிறார்கள். அவர்கள் உங்கள் கணக்கெடுப்பில் அநேகமாக இருக்க மாட்டார்கள். திருப்தியும் தெருமுனைக் குவியலும் ஒரே வார்டில் இருப்பதற்கு எனக்குத் தெரிந்து மிகப் பெரிய காரணம் இதுதான்.

எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய கணக்கெடுப்புகளில் 384 பேர் என்ற எண் மந்திரம் மாதிரி திரும்பத் திரும்ப வரும். ஒரு பெரிய ஊரில் குலுக்கல் முறையில் எடுத்தால், 95 சதவீத நம்பிக்கையோடு, 5 சதவீதப் புள்ளி முன்பின் பிழையோடு விடை கிடைக்க அத்தனை பேர் போதும் என்ற கணக்கிலிருந்து வந்தது அது. இது முழு ஊருக்குமான ஒரே விடைக்குத்தான் பொருந்தும். அதே 384 பேரை 20 வார்டுக்குப் பிரித்தால் வார்டுக்கு 19 பேர். அப்போது பிழை 22 புள்ளி அளவுக்குப் போய்விடும். '7-வது வார்டில் 80 சதவீதம், 12-வது வார்டில் 60 சதவீதம்' என்று வண்ண வரைபடம் போட்டால் அழகாக இருக்கும், ஆனால் அந்த வித்தியாசத்துக்கு அர்த்தம் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அதுவும் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால்தான் இந்தக் கணக்கே. தெருவில் எதிர்ப்பட்டவர்களைக் கேட்டிருந்தால் பிழை இவ்வளவு என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது.

தெருமுனைக் குவியலுக்கு வருவோம். 'வெளி ஆட்கள் வந்து கொட்டுகிறார்கள்' என்பதுதான் எல்லா இடத்திலும் கேட்கும் பதில். அது பாதி உண்மையாக இருக்கலாம். நான் உட்கார்ந்து கவனித்த இடங்களில் வழிப்போக்கர், கடைக்காரர், அதே தெருக்காரர் மூன்று பேரும் இருந்தார்கள். உடைந்த மெத்தை, கட்டட இடிபாடு மாதிரி வாசல் வண்டி எடுக்காத பொருள்கள் முதலில் வந்து உட்காரும், அவற்றின் மேல் பைகள் சேரும். ஏற்கெனவே அசுத்தமாக இருக்கும் இடத்தில் மக்கள் இன்னும் அசுத்தம் செய்வார்கள் என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் சைக்கிள்களின் கைப்பிடியில் துண்டுத்தாளை மாட்டி வைத்தார்கள், பக்கத்தில் தொட்டி இல்லை. சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் தாளைக் கீழே போட்டார்கள். சுவரில் கிறுக்கியிருந்தபோது அது 69 சதவீதமாக ஏறியது. 2008-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. இதைப் படித்துவிட்டுக் குவியல் இருந்த இடத்தில் கோலமும் பூந்தொட்டியும் வைத்தால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை அவ்வளவாக இல்லை. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவருக்கு வேறு வழி இல்லாதவரை, குவியல் பூந்தொட்டியிலிருந்து பத்தடி தள்ளிப் போகும், அவ்வளவுதான். அவருக்காக மாலையில் ஒரு வண்டியோ, பூட்டிய கூண்டோ வைத்த இடங்களில்தான் குவியல் நிஜமாகவே மறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மக்கள் கருத்திலேயே நான் மிகவும் மதிக்கும் ஒன்று உண்டு. 'நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள்' என்பது. அதிகாரிகள் இதைச் சோம்பேறிகளின் சாக்கு என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இது நேரில் கண்ட சாட்சி. ஒரு வீட்டுக்காரர் ஒரே ஒரு முறை தன் இரண்டு வாளிக் குப்பையும் வண்டியில் ஒன்றாக விழுவதைப் பார்த்தால் போதும், அடுத்த நாளிலிருந்து பிரிக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுவார். சில சமயம் அவர் பார்த்தது தவறாகவும் இருக்கும். வண்டிக்குள் தடுப்பு இருக்கும், வெளியிலிருந்து தெரியாது. அல்லது உலர் கழிவைப் பின்னால் பிரிக்கும் கூடத்தில் எடுப்பார்கள். ஆனால் பல இடங்களில் அவர் பார்த்ததுதான் நடக்கிறது. பணியாளருக்கு நேரம் இல்லை, தடுப்பின் ஒரு பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடும், கொண்டுபோய்க் கொட்டும் இடத்தில் எப்படியும் ஒரே குவியல்தான் என்று அவருக்கும் தெரியும். விழிப்புணர்வு முகாம் நடத்துவதற்குச் செலவழிக்கும் பணத்தில், ஈரக் கழிவுக்கு ஒரு நாள், உலர் கழிவுக்கு வேறு நாள் என்று வண்டியையே பிரித்துவிட்டால் இந்தச் சந்தேகம் எழவே இடமிருக்காது. அன்று உலர் கழிவு வண்டி மட்டும்தான் வரும் என்றால், அதில் எதைக் கலப்பது?

மக்கள் கருத்து எங்கே செல்லுபடியாகாது என்றால், கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத இடத்தில். உலக வங்கி 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016-இல் உலகம் முழுக்க நகராட்சிக் கழிவு 201 கோடி டன். அதில் குறைந்தது 33 சதவீதம் சுற்றுச்சூழலுக்குப் பாதுகாப்பான முறையில் கையாளப்படவில்லை. அந்தப் பங்கில் கணிசமான அளவு, யாரோ ஒருவருடைய வாசலிலிருந்து நேரம் தவறாமல் எடுக்கப்பட்டதாகத்தான் இருக்கும். அந்த வீட்டுக்காரரைக் கேட்டால் திருப்தி என்பார், நியாயம்தான். காய்கறிக் கழிவு காற்றுப் படாமல் புதைந்து கிடந்தால் மீத்தேன் வரும். அந்த வாயுவுக்கு மணமே கிடையாது. மேட்டின் அடியிலிருந்து இறங்கும் கசிவுநீர் நிலத்தடி நீரில் கலப்பதையும் யாரும் பார்க்க முடியாது. இன்னொரு பக்கம், குப்பையைக் கொளுத்தி இடத்தைச் சுத்தமாக்கிவிட்டதாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிவிசி மாதிரிப் பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரித்தால் டையாக்சின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். கணக்கெடுப்பில் அந்தத் தெரு 'சுத்தமான தெரு' என்று பதிவாகும். சில சமயம் மூக்கு எச்சரிக்கும் இடத்தில் ஆபத்து குறைவாகவும், ஒன்றுமே தெரியாத இடத்தில் அதிகமாகவும் இருக்கும். இதற்கெல்லாம் எடைமேடையும் ஆய்வகமும்தான் வேண்டும், கருத்துக்கணிப்பு உதவாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. குப்பை மேட்டின் பக்கத்திலேயே குடியிருப்பவர்கள். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் கோஷே குப்பை மேடு 2017 மார்ச்சில் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதமே கொழும்பு அருகே மீதொட்டமுல்லவில் குப்பை மேடு வீடுகள் மேல் சரிந்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீதொட்டமுல்லவில் அந்த மேடு வேண்டாம் என்று அங்கிருந்தவர்கள் வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்கக் கணக்கெடுத்தால் இப்படிப்பட்டவர்கள் நூற்றில் ஒருவர் இருவராகத்தான் வருவார்கள். சராசரி எடுக்கும்போது அவர்கள் குரல் காணாமல் போய்விடும். உங்கள் ஊரில் அப்படி ஒரு மேடு இருந்தால், அதைச் சுற்றியுள்ள வீடுகளைத் தனியாகக் கேளுங்கள், அந்த எண்ணைச் சராசரியில் கலக்காமல் தனியாக எழுதுங்கள்.

கட்டணம் பற்றியும் கேட்டிருக்கிறீர்களாம், 'நல்ல சேவைக்கு எவ்வளவு தருவீர்கள்?' என்று. அந்தப் பதில்களை வைத்து வரவு செலவுத் திட்டம் போடாதீர்கள். கையிலிருந்து கொடுக்க வேண்டாத பணத்தை எல்லோரும் தாராளமாகச் சொல்வார்கள், வரியிலேயே கொடுத்தாயிற்று என்று கோபத்தில் பூஜ்யம் எழுதுகிறவர்களும் இருப்பார்கள். பொருளாதார அறிஞர்கள் கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் தலைமை வகித்த அமெரிக்கக் குழு 1993-இல் இதைப் பற்றி ஆராய்ந்து, 'எவ்வளவு' என்று கேட்காமல் ஒரு தொகையைச் சொல்லி 'சம்மதமா, இல்லையா' என்று வாக்கெடுப்புபோலக் கேட்கச் சொன்னது. அதுவும் முழு மருந்து இல்லை. தென் கொரியா 1995-இல் குப்பையின் அளவுக்கேற்பக் கட்டணம் கொண்டுவந்தது, குறிப்பிட்ட பையைக் காசு கொடுத்து வாங்கி அதில்தான் போட வேண்டும். எவ்வளவு கொடுக்க மனம் வரும் என்பது அப்படி நிஜமாகவே கொடுக்கும்போதுதான் தெரியும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எடுத்த கணக்கெடுப்பைத் தூக்கிப் போட மாட்டேன். 'வாசல் சேகரிப்பு பற்றி, பகலில் வீட்டில் இருப்பவர்களின் கருத்து' என்று அதன் தலைப்பைத் திருத்துவேன். அப்புறம் ஒரு சின்னச் சுற்று போவேன், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும். திருப்தியா என்று கேட்காமல், 'கடந்த 7 நாளில் வண்டி எத்தனை நாள் வந்தது? வந்தபோது நீங்கள் வீட்டில் இருந்தீர்களா? வராத நாளில், அல்லது நீங்கள் இல்லாத நாளில் குப்பையை என்ன செய்தீர்கள்?' என்று கேட்பேன். மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்வார்கள். தூய்மைப் பணியாளர்களையும் கேட்பேன், மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாதபோது. எந்தச் சந்தில் வண்டி திரும்பாது, எந்த மூலையில் எந்த நேரத்தில் பைகள் வந்து விழுகின்றன என்பது அவர்களுக்குத் தெருத்தெருவாகத் தெரியும். அவர்களிடம் கருத்துக் கேட்ட கணக்கெடுப்பை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இத்தோடு இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் அந்தக் குவியல்களைப் படம் எடுத்து வையுங்கள். நகராட்சியோடு அடுத்த முறை உட்காரும்போது 'திருப்தி' என்ற சொல்லையே எடுக்காமல், வண்டி தவறிய நாள்களின் தெருவாரிப் பட்டியலையும் படங்களையும் மட்டும் மேசையில் வைத்து, மாலை வண்டி எப்போது விடுவீர்கள் என்று கேளுங்கள்.